ஏழாவது ஓட்டம்

ஒரு புது சைக்கிளைப் பிட்டிங் செய்ய எனக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒன்றரை மணியில் முடித்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கம்பெனியிலிருந்து வண்டி முழுசாக வராது, ஐயா. பிரேம் தனி, ரிம் தனி, கம்பி ஒரு கட்டு, பால்ரஸ் குண்டு ஒரு பொட்டலம் என்று சாக்கிலும் அட்டைப்பெட்டியிலும் வந்து இறங்கும். அதை வண்டி ஆக்குகிறவன் பிட்டர். நான் பிட்டர். பெயர் வேதசிரோமணி, வயது ஐம்பது, குடியிருப்பது இதே ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில். இந்த வாக்குமூலத்தை நானாக வந்து கொடுக்கிறேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நீங்கள் காபி கூட வாங்கிக் கொடுத்தீர்கள்.

அசன் முகம்மது முதலாளி கடையில் இருபது வயதில் சேர்ந்தேன். வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி வருவார்கள், தேவதானத்திலிருந்து வருவார்கள். தேவதானத்துக்காரர்களுக்கு வழியிலேயே ராஜபாளையத்தில் எத்தனையோ பெரிய கடைகள் இருந்தும் அதைத் தாண்டி இங்கே வருவார்கள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற வண்டி என்றால் பெண் வீட்டார் முதலாளியிடம் கேட்கிற முதல் கேள்வி, வேதசிரோமணிதானே பிட் பண்ணுவாரு என்பதுதான். இருபத்தாறு வருஷத்தில் நான் பூட்டிய நட்டு ஒன்று தானாகக் கழன்றதில்லை. எனக்குச் சொத்து கிடையாது, பிள்ளை கிடையாது. இந்தப் பேர் ஒன்றுதான் இருந்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வண்டியை யார் கையில் கொடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுப்பேன். "வலது முன்னாடி, இடது பின்னாடி. ரெண்டையும் ஒரு தடவை அமுக்கிப் பாத்துக்கோங்க." பிரேக்கைத்தான் சொல்கிறேன். நம் ஊர் வண்டிகளில் வலது கை லீவர் முன் சக்கரத்தைப் பிடிக்கும், இடது கை லீவர் பின் சக்கரத்தைப் பிடிக்கும். இது எல்லாருக்கும் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. கேட்டால் யோசிப்பார்கள். அதனால் சொல்லிவிடுவேன். படித்தவர், படிக்காதவர், தாசில்தார், பால்காரர் என்ற வித்தியாசம் பார்த்ததில்லை.

சௌந்தரபாண்டியனை, இது நடந்தபோதே, பத்து வருஷமாக எனக்குத் தெரியும். மலையடிவாரப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஆறடி ஆள். கழுத்தில் விசில் தொங்கும், குரலும் விசில் மாதிரிதான். அவருடைய பழைய கறுப்பு வண்டியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்னிடம் கொண்டுவருவார். ஒவ்வொரு தடவையும் பின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரியும். முன் பிரேக் கட்டை வாங்கின நாளில் இருந்தபடியே இருக்கும். ஒரு ஆள் எப்படி ஓட்டுகிறார் என்பதைப் பிரேக் கட்டை சொல்லிவிடும். அவர் வலது கையால் பிரேக் பிடிப்பதே இல்லை. ஏன் என்று ஒரு நாள் கவனித்தேன். ஸ்பேனரை எட்டிக் கொடுத்தபோது அவர் வலது கையில் வாங்கினார், நழுவிக் கீழே விழுந்தது. மணிக்கட்டு எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. டிரில் மாஸ்டர் அல்லவா, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் முதலாளி மதுரையிலிருந்து ஒரு கியர் வண்டி தருவித்தார். மலை சைக்கிள் என்று கம்பெனிக்காரன் பேர் வைத்திருந்தான். கருநீல நிறம், கையளவு அகலத்தில் முள்ளு முள்ளாக டயர், ஐந்து கியர், இரும்புக் கம்பிக்குப் பதில் வயரில் ஓடுகிற பிரேக். எங்கள் கடைக்கு அதுதான் முதல் கியர் வண்டி. அதைப் பிட் செய்ய எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. கம்பெனி கொடுத்த படத்தைத் தரையில் விரித்து வைத்து, சாப்பிடக்கூடப் போகாமல் செய்தேன். சாயங்காலம் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். ஒரு சத்தம் கிடையாது. முதலாளி என் தோளைத் தட்டினார்.

அடுத்த சனிக்கிழமை டிரில் மாஸ்டர் வந்து நின்றார். வாங்கலாம் என்று நினைக்கிறேன், ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நியாயம்தானே. எந்தப் பொருளையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான் வண்டியை இறக்கித் துடைத்து, ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தேன். வலது முன்னாடி என்று சொன்னதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஏலே, எனக்கே சைக்கிள் ஓட்டச் சொல்லித் தாரியா? வாய மூடிட்டு வண்டிய விடு."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். அவரைவிட எனக்கு இரண்டு வயது கூட. பரவாயில்லை என்று வண்டியை விட்டேன். முக்கால் மணி கழித்து வந்தார். டயரெல்லாம் செம்மண். கண்மாய்க்கரை மேல் ஏற்றி, மடைப் பக்கம் மாட்டுவண்டி இறங்குகிற சரிவில் இறக்கினாராம். மலை சைக்கிள் என்றால் மேட்டில் ஏறி இறங்கித்தானே பார்க்க வேண்டும் என்றார். செயினில் சத்தம் வருகிறது, சரி பண்ணி வை, அடுத்த வாரம் வாரேன் என்று போய்விட்டார். செயினில் சத்தம் இல்லை. நான் மண்ணைக் கழுவினேன்.

இப்படி ஆறு சனிக்கிழமை, ஐயா. இரண்டாவது வாரம் சீட்டு சரியில்லை. மூன்றாவது வாரம் ரிம்மில் கோட்டம் இருக்கிறது, சக்கரம் ஆடுகிறது என்றார். நான் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினேன். கோட்டம் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கோடு விழும். ஒரு கோடும் விழவில்லை. கடையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் பார்க்கவே இல்லை. கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடு, டவுசர் போட்ட பயலுக கூட உன்னவிட ஒழுங்காப் பிட் பண்ணுவானுக என்றார். திரும்பவும் சிரிப்பு. நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறாரே என்று முதலாளியைப் பார்த்தேன். முதலாளி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கேட்கலாம், ஒரு சைக்கிள்தானே, இதற்கா இவ்வளவு என்று. என் மனைவி தேவகிருபையும் அதையேதான் கேட்டாள். சோத்தைப் பெசஞ்சிக்கிட்டே இருக்கீகளே, என்ன என்றாள். சொன்னேன். சிரித்துவிட்டு, ஒரு சைக்கிளுக்கா இம்புட்டு, போகட்டும் விடுங்க என்றாள். அதற்கப்புறம் அவளிடம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்று வரை பேசவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொதுவாகவே நான் கோபப்படுகிற ஆள் இல்லை, ஐயா, கடையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் அந்த ஆளின் முகத்தை நினைத்தால், செத்து நாலு வருஷம் ஆன பிறகும், இந்தா இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் எனக்கு அடிவயிறு பற்றி எரிகிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாவது சனிக்கிழமைதான் அவர் சங்கையா பேச்சை எடுத்தார். சங்கையா ராஜபாளையத்தில் ஒரு பெரிய கடையில் பிட்டர். முப்பது வயது இருக்கும். அங்கே மில் ஆபீசர்கள் கியர் வண்டி வாங்குகிறார்கள், அவனுக்கு அதில் பழக்கம் உண்டு. மாஸ்டர் அங்கே போய் ஒரு வண்டியைப் பார்த்தாராம். "அவன் பிட் பண்ணுனதப் பாத்தேன் பாய். வண்டின்னா அது வண்டி. இந்தாளு பண்ணியிருக்கது பட்டிக்காட்டு வேல" என்று முதலாளியிடம், என்னை வைத்துக்கொண்டே சொன்னார். வத்திராயிருப்பிலிருந்து மாப்பிள்ளை வண்டி எடுக்க வந்த ஒரு குடும்பம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் தன் வண்டியை ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

மாஸ்டர் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். தங்கமான மனுஷன், ஏழு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பேசுவார். அன்றைக்குப் பேசினார்.

"வேதம், கோவிச்சிக்கிடாத. அடுத்த சனிக்கிழமையும் அவரு கொற சொன்னாருன்னா, ஞாயித்துக்கிழம சங்கையாவ வரச் சொல்லியிருக்கேன். பூராத்தையும் அவுத்து அவன் பிட் பண்ணட்டும். புது வண்டிய இனி அவன் வந்து பாத்துக்கிடுவான். நீ பஞ்சரு, பழைய வண்டி ஓராலிங்கு பாரு. வயசும் ஆகுதுல்லா."

சரி முதலாளி என்றேன். வேறு என்ன சொல்ல. நான் பூட்டினதை இன்னொருத்தன் அவிழ்ப்பான். நான் பஞ்சர் ஒட்டுவேன். அதை ஊர் பார்க்கும். ஐந்து நாள் போயிற்று. வேலையில் குறை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் முதலாளி ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போவார். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு நான் மட்டும் இருப்பேன். ஒன்றேகால் மணிக்கு அந்தக் கருநீல வண்டியை இறக்கினேன். இரண்டு பிரேக் வயரையும் லீவரிலிருந்து கழற்றினேன். வலது கையில் இருந்ததை இடதுக்கும் இடதில் இருந்ததை வலதுக்கும் மாற்றிப் பூட்டினேன். நீளம் சரியாக வராது, அதனால் உறையை அளந்து வெட்டி, வளைவு கண்ணுக்கு உறுத்தாமல் பார்த்துக்கொண்டேன். இருபது நிமிஷ வேலை. முன் சக்கரத்தின் பிரேக் கட்டைகளை ரிம்மோடு நன்றாக ஒட்டிவைத்தேன். லீவரைப் பாதி அமுக்கினாலே இறுகிப் பிடிக்கும்படி.

ஒன்று கவனியுங்கள். வண்டியில் எதையும் நான் கெடுக்கவில்லை. ஒரு நட்டைத் தளர்த்தவில்லை, ஒரு வயரை அறுக்கவில்லை. அந்த மாதிரி ஈனக் காரியம் என் கைக்கு வராது. இரண்டு பிரேக்கும் அருமையாக வேலை செய்தன. நானே தேரடி வரை ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போகும்போது எந்தக் கை எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கும். சரிவில் வேகமாக இறங்கி இடது கையை முழுப் பலத்தோடு இறுக்கினால் மட்டும்தான் தெரியும். பத்து வருஷமாக ஒரு பழைய வண்டியின் தேய்ந்த பின் பிரேக்கை ஒரே கையால் இறுக்கிப் பழகிய ஆள் எவ்வளவு பலத்தோடு இறுக்குவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முன் சக்கரம் அப்படியே நிற்கும். பின் பக்கம் எழும்பும்.

அன்று சாயங்காலம் கண்மாய்க்கரைக்குக் காற்று வாங்கப் போனேன். சரிவு முடிகிற இடத்தில் வலது பக்கம் ஒடித்துத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் நேர் எதிரே மடையின் கருங்கல். யாரும் அங்கே பிரேக் பிடிக்காமல் இறங்க முடியாது. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். தேவகிருபைக்குச் சந்தோஷம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாஸ்டர் வந்தார். அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை. முதலாளி உள்ளே டியூப் எண்ணிக்கொண்டிருந்தார். மாஸ்டர் வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தைச் சுற்றினார், செயினைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"வேதசிரோமணி, வண்டி சுத்தமா இருக்குய்யா. உன் வேலைல ஒரு கொறையும் இல்ல. இன்னிக்கு எடுத்துக்கிடுதேன். கடைசியா ஒரு தடவ ஓட்டிட்டு வாரேன்."

என் பெயரை அவர் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று. குறை இல்லை என்று சொல்லிவிட்டார், சங்கையா வர மாட்டான், எல்லாம் முடிந்தது. ஒரு நிமிஷம் இருங்க மாஸ்டர், பிரேக்கை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொன்னால் போதும். ஹேண்டில் பாரில் என் கை இருந்தது. நானும் யோசித்தேன்.

ஆனால் பாருங்கள், ஆறு சனிக்கிழமை கடை நிறைய ஆள் இருந்தபோது குறை சொன்னார், பட்டிக்காட்டு வேலை என்றார். பாராட்டும்போது ஒரு ஆள் இல்லை. அந்த வத்திராயிருப்புப் பெரியவரை இனி எங்கே போய்த் தேடுவது, இதைக் கேளுங்க என்று எப்படிச் சொல்வது? மானத்தைச் சந்தியில் வைத்து வாங்கிவிட்டு, மூலையில் கூப்பிட்டுத் திருப்பித் தந்தால் சரியாகிவிடுமா? எனக்கு ஆத்திரம் வந்தது. ஆறு வாரமும் அப்படி வந்ததில்லை. அது தவிர, சொல்லாதே என்று சொன்னவரே அவர்தான். வாயை மூடிக்கொண்டு வண்டியை விடு என்று முதல் நாளே உத்தரவு போட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன், வண்டியை விட்டேன்.

பதினொரு மணிக்குக் கண்மாயில் துணி துவைக்கிற ஒரு ஆள் ஓடிவந்தார். டிரில் மாஸ்டர் மடைக்கல்லில் விழுந்து கிடக்கிறார், தலையில் அடி என்றார். முதலாளி செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். நான் அப்போது ஒரு ரிம்முக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் திரும்ப முதல் கம்பியிலிருந்து பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அவருக்கு நினைவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு இறந்துவிட்டார். சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்ததாம். புது வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்திச் சக்கரத்தில் வைத்து நசுக்குவதற்கு எடுத்து வந்திருப்பார். எடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று முதலாளி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் முக்கியமாக எழுத வேண்டும்.

போலீஸ் வந்து வண்டியைப் பார்த்தது. எங்கள் கடை வண்டி என்பதால் வேறு கடை ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? சங்கையாவை. அவன் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பையை வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டான். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டான், ஐயா. அந்தப் பயல் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான்.

"பாவம், பழைய ஆளு. கியர் வண்டி பழக்கம் இல்ல. தெரியாம வயர மாத்திப் போட்டுட்டாரு. கெட்ட எண்ணமெல்லாம் இருக்காது சார்."

அதை அப்படியே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அனுபவமின்மையால் ஏற்பட்ட கவனக்குறைவு என்று எழுதினார்கள். இன்னும் உங்கள் அலமாரியில் அந்தத் தாள் இருக்கும். அதற்கு முன்னால் ஆறு தடவை அந்த வண்டியை அவர் ஓட்டினாரே, அப்போதெல்லாம் வயர் சரியாகத்தானே இருந்தது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முதலாளி எனக்காகக் கெஞ்சினார். மாஸ்டர் வீட்டிலும் வழக்கு வேண்டாம், போன உயிர் வரவா போகிறது என்றுவிட்டார்கள். என்னை எச்சரித்து அனுப்பிவைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

பிறகு நாலு வருஷம். தூக்குப் போட்டிருந்தால்கூட ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். புது வண்டி ஒன்றும் என் கைக்கு வரவில்லை. பஞ்சர் ஒட்டினேன். வத்திராயிருப்பிலிருந்து வருகிறவர்கள் கடை வாசலில் நின்று முதலாளியிடம் மெதுவாகக் கேட்பார்கள், அந்த வயர மாத்திப் போட்ட ஆளு இதுல கை வைக்கலையே பாய் என்று. முதலாளி இல்லை என்று தலையாட்டுவார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். தெருவில் போனால், பாவம்யா, தெரியாமப் பண்ணிட்டான் என்பார்கள். கோயிலில் பாதிரியார் எனக்காக ஜெபம் பண்ணினார், அறியாமல் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டு. அறியாமல்! நான் முட்டி போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னேன்.

நேற்றுக் காலை மாஸ்டரின் மனைவி பரிபூரணம் கடைக்கு வந்தார். கூட மகள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். அதற்கு ஒரு வண்டி வேண்டும் என்றார். முதலாளி சங்கையாவுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றதற்கு அந்தம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, நீங்களே பிட் பண்ணிக் குடுங்க. தெரியாம நடந்ததுக்கு எத்தன வருசம் உங்களத் தள்ளி வைக்கது. நான் எதையும் மனசுல வச்சிக்கிடல."

அந்தம்மாவே பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு வலது கை மணிக்கட்டில் பலம் கிடையாது என்பதை அப்போதுதான் என்னிடம் சொன்னார், எனக்குத் தெரியாது என்று நினைத்து. பழைய வண்டியின் லீவரை அவரால் அமுக்க முடியாதாம். வயர் பிரேக் என்றால் லேசாக இருக்கும், அதிலாவது வலது கை பிடிக்குமா என்று பார்க்கத்தான் வாரா வாரம் ஓட்டிப் பார்த்தாராம். ஓட்டிப் பார்த்தும் தைரியம் வராதாம். வெளியே சொல்ல வெட்கம். அதனால் வண்டியில் ஏதாவது குறை சொல்லிவிட்டு வந்துவிடுவாராம். கடைசி வாரம்தான், இனிப் பிடிச்சிருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாராம். "உங்க வேலையப் பத்தி வீட்ல பெருமையாத்தான் சொல்லுவாவ, அண்ணாச்சி" என்றார்.

அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அவர் கடையில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் சொன்னால் யாருக்குப் பிரயோஜனம்? சரிவில் வலது கையைப் பயன்படுத்தியிருந்தால் அன்றைக்குப் பின் சக்கரம்தான் பிடித்திருக்கும், அவர் பாட்டுக்குத் திரும்பி வந்திருப்பார். அதற்கு நான் பொறுப்பில்லை.

இன்று காலை அவர்கள் திரும்ப வந்தார்கள், வண்டியைப் பிட் செய்தேன். இரண்டே முக்கால் மணி நேரம். நாலு வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை. அந்தம்மா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்து, துடைத்து, அந்தப் பெண்ணிடம் வலது முன்னாடி, இடது பின்னாடி என்று சொல்லி ஹேண்டில் பாரைக் கொடுத்தேன். பெண் ஏறப் போனது. அந்தம்மா சட்டென்று எழுந்து வந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த நேரம் இருடி. பாய், தப்பா நெனைக்காதீக, பிரேக்க மட்டும் நீங்களும் ஒரு தடவ பாத்துருங்க."

முதலாளி குனிந்தார். வலது லீவரை அமுக்கினார், முன் சக்கரத்தைப் பார்த்தார். இடது லீவரை அமுக்கினார், பின் சக்கரத்தைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு நட்டுப் பூட்டியறியாத மனுஷன். சரியாத்தான் இருக்கும்மா என்றார். அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு. மூன்று பேரும் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். எனக்குச் சுத்தியலை எடுத்து அந்த வண்டியை நொறுக்க வேண்டும் போல இருந்தது. நொறுக்கவில்லை. இங்கே வந்தேன்.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எனக்குக் கியர் வண்டி பிட் பண்ணத் தெரியும். எந்த வயர் எந்த லீவருக்குப் போக வேண்டும் என்று தெரியும். டிரில் மாஸ்டர் சௌந்தரபாண்டியன் இடது கையால்தான் பிடிப்பார் என்றும், அந்தச் சரிவில்தான் இறங்குவார் என்றும், கல் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். எல்லாம் தெரிந்து, நிதானமாக, நானே மாற்றிப் பூட்டினேன். அவர் சாக வேண்டும் என்றுதான் பூட்டினேன். ஒரு இடத்திலும் என் கை தவறவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு காரியம் மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். சங்கையா எழுதின அந்தத் தாளை எடுத்து, அது தப்பு என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள். அப்புறம், மாஸ்டர் வீட்டுக்கு நீங்களே நேரில் போய் இதைச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் யாரோ ஒரு வேலை தெரியாதவன் கையால் செத்துப்போனார் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். அப்படி இல்லை என்று தெரிந்தால் அந்தம்மாவுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.